ரெத்தாமா இல்லம் – அத்தியாயம் ஒன்பது: அந்த முகம் இன்னும் கேட்கிறது

வெள்ளிக்கிழமை முடங்கிய கணக்கு திங்கட்கிழமை காலையிலும் முடங்கியேதான் கிடந்தது.

நில்தோன் அடுப்படியில் நின்றபடியே போனைத் தட்டிப் பார்த்தான். பணம் இருக்கிறது என்று காட்டியது. அனுப்பப் போனால் மட்டும் ஒரு சிவப்புக் கோடு வந்து மறித்தது.

கணக்கு அவன் பெயரில். அதில் கொஞ்சம் அவன் டாக்ஸி ஓட்டிச் சேர்த்தது. மீதி முழுவதும் இணையத்தில் ஒரு வீடியோவைப் பார்த்த முகம் தெரியாதவர்கள் அக்கா நெலிடாவின் இல்லத்துக்கு என்று போன் வழியே அனுப்பியது.

மலையூர்களிலிருந்தும் காட்டூர்களிலிருந்தும் தலைநகர் லிமாவின் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைத் தூக்கி வருகிறவர்கள் தங்குவதற்காக, அங்கே சுர்கில்யோ பகுதியில் இருந்த தன் வீட்டு மாடியைத் திறந்து விட்டவள் நெலிடா. சங்கம் கிடையாது, பதிவு கிடையாது. வாசலில் மகள் ஷேலா மஞ்சள் பெயிண்டில் எழுதிய ‘ரெத்தாமா இல்லம்’ என்ற மலைப்பூவின் பெயர்தான் எல்லாம்.

நெலிடாவின் முன்னாள் கணவன் அவள் பெயரில் கடன் வாங்கி ஓடிப்போனதிலிருந்து எந்த வங்கியும் அவளை உள்ளே விடுவதில்லை. அப்போது தம்பி தன் பெயரைக் கொடுத்தான். “பேருதானே அக்கா, எடுத்துக்கோ” என்று சொன்னதும் அவன்தான்.

“இன்னைக்கும் அப்படியேதான் இருக்கா?” நெலிடா ரொட்டிக்குள் சர்க்கரைவள்ளிக்கிழங்கை வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அப்படியேதான்.”

மாடியில் மகனோடு தங்கியிருந்த எர்மெலிந்தா இறங்கி வந்தாள். அவளுடைய மகனுக்கு வியாழக்கிழமைக்குள் ஓர் ஊசி போட்டாக வேண்டும். ஆஸ்பத்திரி மருந்தகத்தில் தீர்ந்துவிட்டது, வெளியில் வாங்கச் சொல்லிவிட்டார்கள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று இரவே கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

நெலிடா அந்த முதுகைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“வா, வங்கிக்குப் போவோம். நேர்ல போய் உக்காந்தா பேசாமயா போவாங்க?”

*

வங்கியில் பேசினார்கள். நன்றாகவே பேசினார்கள். அந்தப் பெண் அலுவலருக்கு ஷேலாவைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கலாம். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை.

“இது தனிநபர் கணக்கு, சார். இதுல எங்கெங்கிருந்தோ சின்னச் சின்னதா பணம் வந்திருக்கு. எதுக்காக?”

“நன்கொடை.”

“எந்த நிறுவனத்துக்கு?”

நெலிடா முந்திக்கொண்டாள். “நிறுவனம் இல்லம்மா. வீடு. நோயாளிப் பிள்ளைங்க தங்குற வீடு.”

“பதிவு பண்ணின சங்கமா இருந்தா, சங்கத்துப் பேர்ல கணக்குத் திறந்து, இதை அங்க மாத்தித் தர மனு போடலாம்.”

“பதிவு பண்ண நோட்டரிக்குக் குடுக்கணும். அந்தக் காசும் இதுக்குள்ளதான் இருக்கு.”

“புரியுது, செனோரா.”

“அப்ப கொஞ்சம் திறந்து விடுங்க. எடுத்துட்டுப் போய் பதிவு பண்ணிட்டு வந்துடறோம்.”

“திறக்கணும்னா பதிவைக் காட்டணும்.”

நில்தோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் எட்டிப் பார்த்தார்.

“சிரிக்காதடா,” என்றாள் நெலிடா பல்லுக்குள்ளேயே.

அந்தப் பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அது மட்டும் இல்லை, சார். இந்தக் கணக்கு மேல ஒரு புகார் இருக்கு. மோசடின்னு. போலீஸ்ல அது முடியற வரைக்கும் எங்க கையில ஒண்ணும் இல்லை. உங்களுக்கு நோட்டீஸ் வரலையா?”

வரவில்லை. அவன் லைசென்சில் இருந்தது பழைய விலாசம்.

“யாரு குடுத்தது?”

“எங்களுக்குத் தெரியாது. ஸ்டேஷன்ல சொல்லுவாங்க.”

வெளியே வந்ததும் நெலிடா ஷாலை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். தூறலும் இல்லாமல் பனியும் இல்லாமல் லிமாவின் குளிர்கால ஆகஸ்டு கண்ணாடிகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“வீடியோவுக்குக் கீழ ‘திருட்டுக் கும்பல்’னு எழுதினானே ஒருத்தன், அவனாத்தான் இருக்கும்,” என்றாள். “வேலை வெட்டி இல்லாதவன்.”

நில்தோன் வண்டியைக் கிளப்பினான். அந்த வண்டியும் வாடகைக்கு எடுத்ததுதான். தூர ஊர் பஸ் கம்பெனி ஒன்றில் ஓட்டுநர் தேர்வு எழுதித் தேறியிருந்தான். கண் பரிசோதனை முடிந்தது, ரத்தப் பரிசோதனை முடிந்தது. இந்த வாரம் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சீருடை தருவார்கள்.

இப்போது அவன் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். வேறு காரியத்துக்கு.

*

விசாரணை செய்தது போர்த்தொகரேரோ என்ற பெண் அதிகாரி. வளைந்த முதுகு, தூக்கமில்லாத கண். எதிரே இரண்டு நாற்காலி. ஒன்றின் கால் ஆடியது. அதில் நில்தோன் உட்கார்ந்தான்.

“கணக்கு உங்களோடதுதானே?”

“என் பேர்ல இருக்கு.”

“அதைத்தான் கேட்டேன்.”

அவள் கணினியைப் பார்த்து வாசித்தாள். “புகார் குடுத்தவர் பௌஸ்தினோ கந்தோ. வான்காவெலிக்கா, மலைப் பக்கம். விவசாயி.”

பக்கத்தில் நெலிடாவின் கைப்பை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

“தோன் பௌஸ்தினோவா?” ‘தோன்’ என்ற மரியாதைச் சொல் பழக்கத்தில் வந்துவிட்டது. நில்தோனுக்குப் பிடிபடவில்லை. “யாதிராவோட அப்பா. எங்க வீட்டுலதான் இருந்தாங்க. நான்தான் அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுவேன். அவரு எதுக்கு எங்க மேல புகார் குடுக்கணும்? அந்தப் பொண்ணு தேறி ஊருக்குப் போயிடுச்சே.”

அதிகாரி நிமிர்ந்து பார்த்தாள். அவனை, பிறகு நெலிடாவை, மறுபடியும் அவனை.

“அந்தக் குழந்தை இறந்து மூணு வாரம் ஆச்சு.”

அந்த அறையில் யாரோ போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நில்தோனுக்கு அது மட்டும்தான் கேட்டது.

“ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொன்னியே,” என்றான் அக்காவிடம்.

“போனாங்க.”

“அக்கா.”

“போனாங்கடா. ஆஸ்பத்திரியிலேர்ந்தே போனாங்க. எப்படிப் போனாங்கன்னு சொல்லலை.”

அதிகாரி குறுக்கிடவில்லை. இப்படிப்பட்ட பேச்சை அங்கே அடிக்கடி கேட்டிருப்பாள் போல. கணினியைப் பார்த்தே சொன்னாள்:

“பிள்ளையைப் புதைச்சுட்டு எட்டாம் நாளோ பத்தாம் நாளோ சாமான் வாங்க டவுனுக்கு வந்திருக்காரு. பஸ் நிலையத்துல பக்கத்துல உக்காந்திருந்த பொம்பளை போன்ல அந்த வீடியோ ஓடியிருக்கு. மக முகம். ‘யாதிராவைக் காப்பாத்துங்க’ன்னு எழுத்து. கீழ உங்க நம்பர். அந்தம்மா அவர் கண்ணு முன்னாலேயே பணம் அனுப்பியிருக்கு.”

நெலிடா இப்போதுதான் குனிந்து கைப்பையை எடுத்தாள். நிமிர நேரமாயிற்று.

“நாங்க எடுத்துடறோம், அம்மா. இப்பவே. வீட்டுக்குப் போன் பண்றேன், இந்த நிமிஷமே எடுத்துடச் சொல்றேன்.”

“எடுக்கக் கூடாது.”

“என்ன?”

“அது சாட்சியம். விசாரணை முடியற வரைக்கும் யாரும் அதைத் தொடக் கூடாது. அழிச்சா ஆதாரத்தை அழிச்சதா அதுக்கு வேற தனியா வழக்கு வரும்.”

“அது இருக்கிற வரைக்கும் ஜனங்க பணம் அனுப்பிட்டேதான் இருப்பாங்க.”

“ஆமா.”

“வாங்கக் கூடாதுன்னாலும் வந்துட்டேதான் இருக்கும். திருப்பி அனுப்பவும் முடியாது. முடக்கி வச்சிருக்காங்க.”

“ஆமா, செனோரா.” அதிகாரியின் குரலில் கடுமை இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “நாளைக்குக் காலைல அவரோட வாக்குமூலம். உங்க தம்பியோடதும்.” நில்தோன் பக்கம் திரும்பினாள். “இப்போதைக்கு இதுல நீங்கதான் குற்றம் சாட்டப்பட்டவர். கணக்கு மட்டும்தான் உங்களுது, வீடியோ போட்டது வேற ஆள்னா அந்தப் பேரைச் சொல்லுங்க. நீங்க சாட்சியா மாறிடலாம். யார் போட்டது?”

போட்டது ஷேலா. நில்தோன் ஆடுகிற நாற்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டான்.

“யோசிச்சுச் சொல்றேன்.”

“நாளை வரைக்கும் யோசிங்க,” என்றாள் அவள்.

*

சிக்னலில் வண்டி நின்றபோது ஒருவன் வந்து கண்ணாடியைத் துடைத்தான். நில்தோன் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை, காசு கொடுக்கவும் இல்லை. துடைத்தவன் வைதுகொண்டே போனான்.

“எனக்கு ஏன் சொல்லலை?”

“நீ அந்தப் பொண்ணைத் தோள்ல தூக்கிட்டு மாடி ஏறினவன். உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

“அதுக்காகவா சொல்லலை?”

நெலிடா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“உண்மையைச் சொல்லு அக்கா. சொல்லியிருந்தா வீடியோவை எடுன்னு நான் சொல்லியிருப்பேன். அதான்.”

“அவ செத்த அன்னைக்குச் சாயங்காலம்தான்டா எர்மெலிந்தா வந்தா,” என்றாள் நெலிடா. கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே பேசினாள். “கையில பிள்ளை. ரெண்டு நாள் பஸ். ஊசி வாங்கணும்னா. அன்னைக்கு வந்த காசு யாதிரா முகத்தைப் பார்த்து வந்தது. அதுல வாங்கின ஊசியிலதான் அந்தப் பையன் இப்ப எந்திரிச்சு நடக்கறான். நாளைக்கு எடுத்துடலாம்னு நினைச்சேன். மறுநாளும் அப்படித்தான் நினைச்சேன்.”

“வேற பிள்ளை படத்தைப் போட்டிருக்கலாமே.”

“போட்டோம். யாரும் பார்க்கலை. யாதிராவுக்கு அப்படி ஒரு சிரிப்பு. அதுக்கு நான் என்ன செய்ய?”

நில்தோன் கியரை மாற்றினான். அவள் மேல் கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் கோபம் வந்து வந்து, அந்தப் பையன் மாடிப்படியில் ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்குகிற காட்சியில் முட்டி நின்றது.

“உனக்கு வீடு இருக்கு. பிள்ளைங்க இருக்கு. ஊரே உன்னை ‘மாமி நெலிடா’ன்னு கூப்பிடுது,” என்றான். “எனக்குன்னு இருந்தது ஒரு சுத்தமான பேரு. அதைத்தான் உன்கிட்ட குடுத்தேன்.”

வீட்டு வாசல் வந்ததும் அவன்தான் முதலில் இறங்கினான்.

*

ஷேலா கூடத்து மேசையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே மூடிவிட்டாள்.

நெலிடா நடந்ததைச் சொன்னாள். தோன் பௌஸ்தினோவின் பெயர் வந்த இடத்தில் ஷேலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு நல்ல விஷயம்,” என்றான் நில்தோன் களைப்பாக. “நாம யாரும் பொய் சொல்லலை. அவ உயிரோட இருந்தப்ப எடுத்தது, உயிரோட இருந்தப்ப போட்டது. எடுக்க மறந்துட்டோம், அவ்வளவுதான். நாளைக்கு அதையே சொல்றேன். வழக்குல கொஞ்சமாவது நிக்கும்.”

ஷேலா கையை எடுக்கவில்லை.

“என்னடி?” என்றாள் நெலிடா.

“மாமா, கீழ கமெண்ட்ல நிறைய பேரு கேட்டுட்டே இருந்தாங்க. யாதிரா எப்படி இருக்கா, யாதிரா எப்படி இருக்கான்னு.”

“சரி.”

“ஒரு அம்மா தினமும் கேட்பாங்க. எங்கேயோ வெளிநாட்டுல வீட்டு வேலை பார்க்கிறவங்க. தினமும் அவளுக்காகக் கும்பிடறேன்னு எழுதுவாங்க.”

“நீ என்ன எழுதின?”

“‘போராடிட்டு இருக்கா’ன்னு எழுதினேன்.”

“எப்ப?”

ஷேலாவின் கண் மேசையை விட்டு நகரவில்லை. “அடக்கம் பண்ணின மறுநாள்.”

நெலிடா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இது அவளுக்கும் தெரியாது.

“காசுக்காக இல்லை மாமா. சத்தியமா இல்லை. செத்துட்டான்னு டைப் பண்ண உக்காந்தேன். எனக்குக் கை வரலை. அந்த வார்த்தையை எழுதிட்டா அது நிஜமா ஆயிடும்னு தோணுச்சு. அதுக்குப் பதிலா இதை எழுதிட்டேன். அந்தம்மா உடனே பணம் அனுப்பிட்டாங்க.”

நில்தோன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். இருந்தது. இல்லத்தின் பெயரில், தேதியோடு, பக்கத்தில் ஒரு சின்ன இதயப் படத்தோடு. அழிக்க முடியாது. அழித்தால் அதுவும் குற்றம். விட்டு வைத்தால் நாளைக் காலை போர்த்தொகரேரோ அதை வாசிப்பாள். ஒருவேளை ஏற்கெனவே வாசித்திருப்பாள். ‘யோசிங்க’ என்று அவள் சொன்ன விதம் நினைவுக்கு வந்தது.

ஷேலா நர்சிங் படிப்பில் முதல் வருஷம் முடிக்கப் போகிறாள். அவள் பெயரில் ஒரு மோசடி வழக்கு விழுந்தால் எந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பாள்?

“என் பேரைச் சொல்லிடுங்க மாமா,” என்றாள் ஷேலா. “நான்தானே செஞ்சேன்.”

“வாயை மூடு,” என்றாள் நெலிடா. “நான் செஞ்சேன்னு சொல்றேன்.”

“உனக்குப் போன்ல எழுத்துப் பெருசு பண்ணக்கூடத் தெரியாது,” என்றான் நில்தோன். “யாரு நம்புவா?”

யாரும் சிரிக்கவில்லை. மேலே எர்மெலிந்தாவின் மகன் நடக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக, நின்று நின்று.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

*

நில்தோன்தான் திறந்தான்.

தோன் பௌஸ்தினோ நின்றுகொண்டிருந்தார். தலையில் அதே பழுப்புத் தொப்பி, தோளில் முடிச்சுப் போட்ட துணி. முன்பு பார்த்ததைவிடச் சின்ன ஆளாகத் தெரிந்தார். கண்ணுக்குக் கீழே பஸ் பயணத்தின் தூசி.

அவர் தொப்பியைக் கழற்றினார்.

“சாயங்கால வணக்கம், நில்தோன்.”

“வாங்க, தோன் பௌஸ்தினோ.”

அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. “நாளைக்கு எனக்கு இங்க ஒரு வேலை இருக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“தெரியும்.”

“லிமாவுல எனக்குத் தெரிஞ்ச ஒரே வீடு இதுதான். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல விடுதி கேட்டேன். என் கையில இருக்கிறதுக்கு இடம் இல்லைன்னுட்டாங்க. தெருவுல படுக்க எனக்குப் பயம் இல்லை. ஆனா குளிர் தாங்கலை. தங்கலாமான்னு கேட்க வந்தேன். முடியாதுன்னா கோவிச்சுக்க மாட்டேன்.”

நெலிடா தம்பியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் வாய் தானாகவே தினமும் சொல்வதைச் சொன்னது.

“உள்ள வாங்க. சூப் சூடா இருக்கு.”

அவர் உட்கார்ந்தார். துணி முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தார். வறுத்த சோளம், ஒரு துண்டு பாலாடைக்கட்டி. யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போகாத ஊர்க்காரர். வழக்குப் போட்ட வீட்டுக்கும் அப்படித்தான் வந்திருந்தார்.

ஷேலா கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தபோது சூப் தட்டில் சிந்தியது. அவர் அதை ரொட்டியால் ஒற்றித் தின்றார்.

“நீதானே அந்தப் படத்தை எடுத்த பொண்ணு,” என்றார்.

ஷேலா தலையசைத்தாள். நில்தோன் அவளைத் தடுக்கக் கை நீட்டினான். தடுத்து என்ன ஆகப் போகிறது என்று பாதியில் இறக்கிக்கொண்டான்.

“அன்னைக்கு அவ சிரிச்சா. நீ என்னமோ சொல்லிச் சிரிக்க வச்ச. நான் ஜன்னல் ஓரமா நின்னுட்டிருந்தேன்.”

“ஆமா, ஐயா.”

“அந்தச் சிரிப்புக்காக உனக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். பஸ் நிலையத்துல அதைப் பார்க்கிற வரைக்கும்.”

நெலிடா முன்னால் வந்தாள். “தோன் பௌஸ்தினோ, தப்பு என்னுது. அதை எடுத்திருக்கணும். இன்னைக்கு எடுக்கப் போனா போலீஸ் எடுக்க விடலை. உங்களுக்கு வேண்டியது என்னன்னு சொல்லுங்க. எங்களால முடிஞ்சதைச் செய்யறோம்.”

“எனக்குக் காசு வேண்டாம், செனோரா.”

“தெரியும்.”

“ஊர்ல என்ன பேசறாங்கன்னு தெரியுமா? பிள்ளை செத்தும் அப்பன் அவளை வச்சுப் பிச்சை எடுக்கறான்னு. என் பொண்டாட்டி சந்தைக்குப் போறதில்லை. மக உயிரோடதான் இருக்காளாம், நாங்க லிமாவுல வித்துட்டோமாம். அப்படியும் சொல்றாங்க.” அவர் குரல் ஏறவில்லை. கிண்ணத்தைப் பார்த்தே பேசினார். “அவ செத்துட்டான்னு யாராவது ஒருத்தர் சத்தமா, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லணும். எங்களுக்கு யாரும் காது குடுக்க மாட்டாங்க. அதான் போலீஸ்ல சொன்னேன்.”

நெலிடாவுக்கு ஒரு நொடி நம்பிக்கை எட்டிப் பார்த்தது. அது நில்தோனுக்கு அவள் முகத்திலேயே தெரிந்தது.

“அப்படின்னா, ஐயா, நாங்களே சொல்றோம். பகிரங்கமா சொல்றோம். நீங்க புகாரை மட்டும்...”

“இல்லை, செனோரா.”

அவர் கரண்டியை வைத்தார்.

“என் மகளுக்கு நீங்க கடைசி வரைக்கும் படுக்கை குடுத்தீங்க. அவ வாந்தியைத் துடைச்சீங்க. அதை நான் மறக்க மாட்டேன், நாளைக்கு அதையும் சொல்வேன். ஆனா இதையும் சொல்வேன். ரெண்டும் நடந்ததுதானே. ஒண்ணுக்காக ஒண்ணை விட்டுட்டுப் போக என்னால முடியாது.”

மாடிப்படியில் எர்மெலிந்தா மகனோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மகனின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்திருந்தாள்.

தோன் பௌஸ்தினோ அந்தப் பையனைப் பார்த்தார். மொட்டைத் தலை, பெரிய கண்கள். சோளத்தில் ஒரு பிடி அள்ளி நீட்டினார். பையன் இறங்கி வந்து வாங்கிக்கொண்டான்.

“எந்த அறையில இருக்கே?” என்று கேட்டார் அவனிடம்.

“ஜன்னல் அறை.”

அவர் தலையாட்டினார். யாதிரா படுத்திருந்ததும் அந்த அறையில்தான்.

நெலிடா அலமாரியிலிருந்து கம்பளியை எடுத்தாள். எடுத்ததை மடித்தாள், மறுபடியும் பிரித்தாள். கூடத்து சோபாவில்தான் இடம் இருந்தது. விரித்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும், ஐயா?”

“எட்டு மணிக்கு வரச் சொன்னாங்க. பஸ் எதுன்னு தெரியலை.”

நில்தோன் கதவோரம் நின்று வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். ஷேலா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனிடம் ஒரு பெயரைக் கேட்டிருக்கிறார்கள், அதற்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

“பஸ் வேண்டாம், தோன் பௌஸ்தினோ,” என்றான். “நானே கூட்டிட்டுப் போறேன். ரெண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தானே போறோம்.”